11.1 வோல்ட்டுக்கு மாறும் முன்: ஏர்சாஃப்ட் கியர்பாக்ஸில் நேரக் கணக்கு

எலக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) 7.4 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 11.1 வோல்ட் பேட்டரியை மாட்டினால் குண்டு இன்னும் வேகமாகப் பாயும் என்று நம்புகிறவர்கள் நிறைய. பாயாது. குண்டின் வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் வலுவும், சிலிண்டரில் அடைபடும் காற்றின் அளவும், உள்பேரலின் நீளமும், காற்றுக் கசிவும்தான். மோட்டாரின் வேலை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடுவதோடு முடிந்துவிடுகிறது. விட்டபிறகு பிஸ்டனை முன்னே தள்ளுவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குக்கு எந்த பேட்டரி மாட்டியிருக்கிறது என்பது தெரியாது.

அப்படியானால் மாறுவது என்ன? இரண்டு. டிரிகரை அழுத்தியதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் நடுவே உள்ள தாமதம் குறைகிறது. ஃபுல் ஆட்டோவில் (டிரிகரை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் நிலை) நொடிக்கு எத்தனை குண்டு என்ற எண்ணிக்கை கூடுகிறது. இரண்டும் நேரத்தைப் பற்றியவை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் தன் வேலையை முடிக்க இருந்த அவகாசம் சுருங்குகிறது. 11.1 வோல்ட்டில் உடையும் பாகங்கள் பெரும்பாலும் இந்த அவகாசத்துக்குள் வேலையை முடிக்க முடியாமல்தான் உடைகின்றன.

எண்களாகப் பார்த்தால் தெளிவாகும். வழக்கமான கியர் செட்டின் விகிதம் ஏறக்குறைய 18:1. மோட்டார் 18 முறை சுற்றினால் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும் செக்டர் கியர் ஒரு முறை சுற்றும், ஒரு குண்டு வெளியேறும். நொடிக்கு 15 குண்டு என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 16,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுழற்சிக்கு 67 மில்லிநொடி. நொடிக்கு 25 குண்டு என்றால் மோட்டார் 27,000 சுற்று. ஒரு சுழற்சிக்கு 40 மில்லிநொடிதான். செக்டர் கியரின் சுற்றளவில் பாதிக்குச் சற்று அதிகமான பகுதியில் மட்டுமே பற்கள் உண்டு. பற்கள் இல்லாத மீதிப் பகுதி கடக்கும் நேரத்துக்குள் பிஸ்டன் முன்னே பாய்ந்து, சிலிண்டர் ஹெட்டில் மோதி, நின்றாக வேண்டும். 15 குண்டு வேகத்தில் அதற்குச் சுமார் 27 மில்லிநொடி கிடைக்கிறது. 25 குண்டு வேகத்தில் 16. 40 குண்டு வேகத்தில் 10தான். மெலிந்த ஸ்பிரிங்கும் கனமான பிஸ்டனும் சேர்ந்தால் இந்த 10 மில்லிநொடி போதாது.

பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. டோக்கியோ மாருய் 1991-இல் முதல் எலக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக் கொண்டுவந்த காலத்தில் நிக்கல் வகைப் பேட்டரிகள்தான் இருந்தன. 1.2 வோல்ட் செல் ஏழு சேர்ந்தால் 8.4 வோல்ட், எட்டு சேர்ந்தால் 9.6 வோல்ட். லித்தியம் பாலிமர் வகையான லைப்போவில் செல்லுக்கு 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கும், முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். ஆகவே இரண்டு செல் லைப்போ 7.4 என்று சொல்லிக்கொண்டாலும் முழு சார்ஜில் 8.4 வோல்ட், மூன்று செல் லைப்போ 12.6 வோல்ட். லேபிளில் ஏழரை கூட இல்லாத லைப்போ, 8.4 என்று எழுதிய நிக்கல் பேட்டரியை மிஞ்சுவதற்குக் காரணம் உள்மின்தடை. சின்னச் சின்ன நிக்கல் செல்கள் ஏழு வரிசையாக நிற்கும்போது ஒவ்வொன்றின் மின்தடையும் கூடிக்கொண்டே போகிறது. மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கும் அந்தக் கணத்தில் வோல்ட் சரிந்துவிடுகிறது. மோட்டார் முனையில் வந்து சேரும் வோல்ட்தான் உண்மையான வோல்ட்.

அதனால்தான் 11.1 வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் 7.4-ஐ முழுதாக மோட்டாருக்குக் கொண்டுசேர்ப்பதில் கவனம் வையுங்கள் என்று சொல்வேன். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போய்த் திரும்பும் பாதையின் மொத்த மின்தடை 0.06 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். 7.4-இல் 1.2 என்பது ஆறில் ஒரு பங்கு. இந்த இழப்பை எங்கே குறைக்கலாம்? தொழிற்சாலையில் போட்டுவரும் வயர் பெரும்பாலும் 18 கேஜ், மீட்டருக்கு 0.021 ஓம். அதை இன்னும் தடித்த 16 கேஜ் சிலிகோன் உறை வயராக மாற்றினால் 0.013 ஓம். பேட்டரியை இணைக்கும் மினி டமியா கனெக்டரில் உலோகத் தகடுகள் தொடும் பரப்பு சிறியது, நாள்பட்டால் தளர்ந்து சூடாகும். அதை எடுத்துவிட்டு டீன்ஸ் அல்லது எக்ஸ்டி30 வகைக் கனெக்டர் போடலாம். சால்டர் வைக்கும் முன் வெப்பத்தில் சுருங்கும் குழாயை வயரில் கோத்துவிடுங்கள்; பேட்டரிப் பக்கத்து வயர்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கத்தரித்தால் கத்தரியின் வாயிலேயே ஷார்ட் ஆகும். லைப்போவில் அது பெரிய தீப்பொறி. இவ்வளவையும் செய்தபிறகு நல்ல 7.4 லைப்போ தரும் டிரிகர் வேகம் போதும் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்பதில் தவறில்லை.

11.1 தான் வேண்டும் என்றால் முதல் செலவு பேட்டரியாக இருக்கக் கூடாது, மாஸ்ஃபெட்டாக (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு ஸ்விட்ச்) இருக்க வேண்டும்.

சாதாரணத் துப்பாக்கியில் டிரிகரின் பின்னால் இரண்டு செம்புத் தகடுகள் இருக்கும். டிரிகரை அழுத்தினால் ஒரு சிறு வண்டி முன்னும் பின்னுமாக ஓடி அவற்றை இணைக்கும். மோட்டார் இழுக்கும் முழு மின்னோட்டமும் இந்தத் தகடுகள் வழியாகவே போகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு பொறி பறக்கும். வோல்ட் கூடினால் பொறியும் நீளும். பொறி பட்ட இடம் கருகிக் குழியாகிறது, குழியான இடத்தில் மின்தடை கூடுகிறது, கூடிய மின்தடை இன்னும் சூடேற்றுகிறது. தகடுகள் சந்திக்கும் இடத்தில் வெறும் 0.02 ஓம் சேர்ந்துவிட்டால் போதும், 25 ஆம்பியரில் 12.5 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் இறங்கும். பக்கத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். இன்னும் மோசமாக, தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டால் டிரிகரை விட்டபிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்கும்.

மாஸ்ஃபெட் இருந்தால் அந்தச் செம்புத் தகடுகள் சைகை மட்டுமே கொடுக்கும். கனத்த மின்னோட்டம் வேறு வழியில் போகும். சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு அடிப்படைச் சுற்று எளிது. ஐஆர்எல்பி3034 (IRLB3034) போன்ற என்-சேனல் மாஸ்ஃபெட் ஒன்று. சோர்ஸ் கால் பேட்டரியின் நெகட்டிவுக்கு, டிரெயின் கால் மோட்டாரின் நெகட்டிவுக்கு. பேட்டரியின் பாசிட்டிவ் நேராக மோட்டாருக்கு. அதே பாசிட்டிவிலிருந்து ஒரு மெல்லிய வயர் டிரிகர் தகடுகள் வழியாக, 100 ஓம் மின்தடையம் ஒன்றைக் கடந்து கேட் காலுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 33 கிலோஓம் ஒன்று. மோட்டாரின் குறுக்கே ஒரு ஷாட்கி டையோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். அந்த 33 கிலோஓமை மறந்தால் டிரிகரை விட்டபிறகும் கேட்டில் மின்னேற்றம் தங்கி மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பில் டிரிகர் தகடுகள் வழியாகப் போவது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. மாஸ்ஃபெட்டின் மின்தடை அதிகபட்சம் 0.0017 ஓம் என்பதால் 25 ஆம்பியரிலும் அதில் உண்டாகும் வெப்பம் ஒரு வாட் அளவுதான்.

இதில் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மாஸ்ஃபெட் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அதாவது பேட்டரியை மாட்டிய கணத்திலேயே, யாரும் டிரிகரைத் தொடாமலே, துப்பாக்கி சுடத் தொடங்கும். பேட்டரியின் முனைகளை மாற்றி மாட்டினாலும் உள்ளிருக்கும் டையோடு வழியாக மின்னோட்டம் பாய்ந்து அது செத்துப்போகும். ஆகவே மேகஸினை (குண்டு நிரப்பும் பெட்டி) கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேட்டரியை மாட்ட வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் 25 அல்லது 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். இடம் போதவில்லை என்று ஃபியூஸை எடுத்துவிடுவது பரவலான பழக்கம். அதை நான் ஏற்பதில்லை. லைப்போ ஷார்ட் ஆனால் கையைக் கொண்டுபோய்க் கனெக்டரைப் பிடுங்க நேரம் இருக்காது.

இனி மோட்டார். 11.1-ஐ எப்படிப் பயன்படுத்துவது என்பதில் என் திடமான கருத்து இதுதான்: வோல்ட்டைக் கூட்டுங்கள், மோட்டாரை மெதுவானதாக மாற்றுங்கள். மோட்டாரின் ஆர்மெச்சரில் சுற்று எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதே வோல்ட்டில் வேகமாகச் சுழலும், ஆனால் நிறைய ஆம்பியர் இழுக்கும். சுற்று அதிகமாக இருந்தால் மெதுவாகச் சுழலும், குறைந்த ஆம்பியரிலேயே அதிக முறுக்குவிசை தரும். சந்தையில் 16 சுற்று, 22 சுற்று என்று எழுதி விற்பதன் பொருள் இதுவே. 16 சுற்று மோட்டாரை 11.1-இல் ஓட்டினால் எண்ணிக்கை எகிறும், கியர்பாக்ஸ் தாங்காது. 22 சுற்று நியோடிமியம் காந்த மோட்டாரை 11.1-இல் ஓட்டினால் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும், டிரிகர் மட்டும் கூர்மையாகும். அதே வேலையை 7.4-இல் 24 ஆம்பியரில் செய்த இடத்தில் 11.1-இல் 16 ஆம்பியர் போதும். வயரிலும் கனெக்டரிலும் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உயர் வோல்ட்டின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. நொடிக்கு 35 குண்டு என்று காட்டிக்கொள்வதில் இல்லை.

மோட்டாரை மாற்றினால் அதன் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பிஸ்டல் கிரிப்பின் அடியில் இருக்கும் சிறு திருகுதான் மோட்டார் முனையிலுள்ள பினியன் பல்சக்கரத்தையும் அது சுழற்றும் பெவல் கியரையும் எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இறுக்கம் அதிகமானால் மோட்டார் திணறி ஆழமான முனகலோடு ஓடும், சில நொடிகளில் கிரிப் சூடாகும். தளர்ந்தால் கிறீச்சென்ற ஒலி, பற்களின் நுனி மட்டும் உராயும். கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஓரிரு நொடி ஓடவிட்டு, ஒலி மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து கியர்பாக்ஸின் உள்ளே. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

வோல்ட் ஒன்றரை மடங்கானால் சுழலும் பாகங்களின் வேகமும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடும். ஆனால் அவற்றில் தேங்கும் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கம், 2.25 மடங்கு. செக்டர் கியரின் முதல் பல் பிஸ்டனின் முதல் பல்லை வந்து அறையும்போது இந்தக் கூடுதல் ஆற்றலோடுதான் அறைகிறது. தொழிற்சாலை அமைப்பில் பல துப்பாக்கிகளில் அந்த முதல் தொடுதல் சரியாக முகத்தோடு முகம் படிவதில்லை. பல்லின் நுனி நுனியோடு இடிக்கிறது. 7.4-இல் ஆயிரக்கணக்கான குண்டுகளுக்குத் தாங்கிய பிளாஸ்டிக் பல், 11.1-இல் சீக்கிரமே சிதைந்துபோகும். சரிசெய்யும் வழி: சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ரப்பர் பேடை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த ஒன்றை ஒட்டுவது. பிஸ்டன் நிற்கும் இடம் சற்றுப் பின்னே தள்ளும், செக்டர் பல் பிஸ்டன் பல்லின் முகத்தில் முழுதாகப் படியும். எவ்வளவு தடிமன் என்பதைச் சிலிண்டரும் பிஸ்டனும் செக்டர் கியரும் மட்டும் வைத்து, கியர்பாக்ஸின் ஒரு பாதியில் அடுக்கிப் பார்த்து, கையால் கியரைச் சுற்றிக் கண்ணால் தீர்மானிக்கலாம். பிஸ்டன் பின்னே தள்ளியதால் இரண்டாவது பல் குறுக்கே வந்து நிற்கும். அதை அரத்தால் முழுதாக அறுத்துவிட வேண்டும். முழு எஃகுப் பல்வரிசை கொண்ட பாலிகார்பனேட் பிஸ்டனாக இருந்தால் இந்த வேலைக்குப் பலன் நீடிக்கும்.

மேலே சொன்ன மில்லிநொடிக் கணக்கு பிசகும்போது நடப்பது வேறொன்று. பிஸ்டன் இன்னும் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே செக்டரின் முதல் பல் வந்து அதை நடுவழியில் பிடித்துவிடும். பிஸ்டன் தன் வழக்கமான எல்லையைத் தாண்டிப் பின்னே இழுபட்டு, போக இடமில்லாமல் முட்டும். பற்கள் சீவப்படும். பிரித்துப் பார்க்கும்போது எது நடந்தது என்று பற்களே சொல்லும்: முதலில் பிடிக்கும் பல் மட்டும் சிதைந்திருந்தால் தொடுகோணக் கோளாறு (நுனியோடு நுனி இடித்தது), நடுவிலோ விடும் பக்கத்திலோ பற்கள் வரிசையாகச் சீவப்பட்டிருந்தால் பிஸ்டன் திரும்ப நேரம் கிடைக்கவில்லை. இதைத் தெரியாமல் புதிய பிஸ்டன் மட்டும் வாங்கிப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பிஸ்டனுக்கு நேரம் வாங்கித் தர மூன்று வழிகள். பிஸ்டனின் எடையைக் குறைக்கலாம். ஸ்பிரிங்கை வலுவாக்கலாம், ஆனால் குண்டின் ஆற்றலும் கூடிவிடும், களத்தின் ஜூல் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. மூன்றாவது, செக்டர் கியரின் விடும் பக்கத்துப் பற்களில் ஒன்றோ இரண்டோ அரைத்து எடுப்பது. பிஸ்டன் முன்னதாகவே விடுபடும், போக வேண்டிய தூரமும் குறையும். ஸ்பிரிங் முழுதாகச் சுருங்காததால் ஆற்றல் இறங்கும்; வலுவான ஸ்பிரிங் போட்டு அதை ஈடுகட்டலாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடி. கையால் அரைப்பதானால் கியரைத் தண்ணீரில் அடிக்கடி நனைத்துக்கொண்டே அரையுங்கள்; எஃகு நீலம் பாய்ந்தால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள்.

செமி ஆட்டோவில் (ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு) இன்னொரு சிக்கல். ஒரு குண்டு போனதும் கட்-ஆஃப் லீவர் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆனால் வேகமெடுத்த மோட்டார் உடனே நிற்பதில்லை. மெலிந்த ஸ்பிரிங், 11.1, வேகமான மோட்டார் மூன்றும் சேர்ந்தால் செக்டர் அடுத்த சுற்றையும் பாதி இழுத்து நிற்கும், சில நேரம் முழுதாக இழுத்து இரண்டாவது குண்டையும் அனுப்பிவிடும். பாதி இழுத்த நிலையில் நிற்கும் துப்பாக்கியில் ஸ்பிரிங் அழுந்தியே கிடக்கும். கியர் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஆன்டி ரிவர்சல் லாட்ச் அந்தச் சுமையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்டிவ் பிரேக் உள்ள மாஸ்ஃபெட் இதற்கு மருந்து. டிரிகர் விடுபட்டதும் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்து நிறுத்திவிடும். அதற்கான விலை மோட்டாரின் பிரஷ் தேய்வதும் கூடுதல் வெப்பமும். இதே காரணத்துக்காகவும் முறுக்குவிசை மோட்டாரையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன்.

ஷிம் வேலையை, அதாவது மெல்லிய தகடுகளை வைத்துக் கியர்களின் இடைவெளியைச் சரிசெய்வதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை தகடுகள் கிடைக்கும். ஸ்பிரிங் இல்லாமல் கியர்பாக்ஸை மூடித் திருகியபின் கியர்கள் விரலால் தள்ளினாலே தடையின்றிச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இந்த வேகத்துக்குப் பந்து பேரிங்கைவிட எஃகு புஷிங் நம்பகமானது. பேரிங்கின் ஒரு குண்டு உடைந்தால் அது போய்ச் சிக்குவது கியர் பற்களுக்கு நடுவில். வெர்ஷன் 2 கியர்பாக்ஸ் என்றால் சிலிண்டர் சாளரத்தின் முன்மூலைகள் கூர்மையாக இருக்கும். விரிசல் தொடங்குவது அங்கிருந்துதான். சிறு உருண்டை அரத்தால் அந்த மூலைகளை வளைவாக்கிவிடுங்கள்.

குண்டு ஊட்டமும் நேரத்தோடு ஓட வேண்டும். டாப்பெட் பிளேட் என்ற பாகம், குண்டைப் பேரலுக்குள் தள்ளும் நாசிலைப் பின்னிழுத்துத் திறந்துவைக்கும் அந்தச் சிறு இடைவெளிக்குள் அடுத்த குண்டு மேலே ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் வெறும் காற்று போகும். பிஸ்டனுக்கும் குண்டு தரும் எதிர்த்தடை இல்லாமல் மோதல் வன்மையாகும். செக்டரில் பொருத்தும் சிறு டிலே சிப் நாசிலைச் சற்று அதிக நேரம் திறந்துவைக்கும். மிக உயர்ந்த வேகத்தில் அதே சிப் டாப்பெட் பிளேட்டின் இறகை உடைத்தும் விடும். சக்கரம் திருகும் பெரிய மேகஸினைவிட, முழுக்க ஸ்பிரிங்கால் தள்ளும் மிட்-கேப் மேகஸின் இந்த வேகத்துக்கு நல்லது.

பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது வோல்ட்டோடு சி எண்ணையும் பாருங்கள். 1200 எம்ஏஎச், 25சி என்றால் 1.2 × 25 = 30 ஆம்பியர் தொடர்ந்து தரலாம் என்று பொருள். சி எண்ணை மிகைப்படுத்தி அச்சிடுவது இந்தச் சந்தையின் பழக்கம், ஆகவே தேவைக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்வது ஒவ்வொரு செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும், 1சி வேகத்தில். 1200 எம்ஏஎச் பேட்டரிக்கு 1.2 ஆம்பியர். நிக்கல் சார்ஜரில் லைப்போவை ஒருபோதும் மாட்டாதீர்கள். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ஆட்டத்தின்போது செல் 3.5 வோல்ட்டுக்கு வந்தால் கூவும் சிறு அலாரத்தைப் பேலன்ஸ் முனையில் மாட்டிவைக்கலாம். 3.0-க்குக் கீழே போன செல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பயன்படுத்தாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தி ஸ்டாக் குழாய்க்குள் திணிப்பதைவிட ஆபத்தான வேலை இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. இடம் பார்த்துப் பேட்டரி வாங்குங்கள். பேட்டரிக்காக வயரை மடக்கி நசுக்காதீர்கள்.

எல்லாம் பொருத்தியபின் முதல் சோதனை. முதலில் 7.4-இலேயே ஓட்டிப் பாருங்கள். ஒலி சீராக இருக்கிறதா, மோட்டார் சூடாகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு 11.1-இல் செமி ஆட்டோவில் பத்து குண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி. ஒரு அழுத்தத்துக்கு இரண்டு குண்டு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதன்பிறகு ஃபுல் ஆட்டோவில் ஒன்றிரண்டு நொடி மட்டும். எண்ணிக்கையை அளக்கத் தனிக் கருவி இல்லையென்றால் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, ஒலி எடிட்டரில் திறந்து, முதல் முகட்டிலிருந்து 21-ஆம் முகடு வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நடுவே 20 இடைவெளி. 0.8 நொடி என்றால் நொடிக்கு 25 குண்டு. அந்த எண்ணைப் பேட்டரியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். சில ஆயிரம் குண்டுகளுக்குப் பிறகு அதே பேட்டரியில், முழு சார்ஜில், அது 22-க்கு இறங்கியிருந்தால் எங்கோ மின்தடை கூடியிருக்கிறது, அல்லது பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி கிழடாகியிருக்கிறது. கனெக்டரைத் தொட்டுப் பார்ப்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.